நீங்கள் அடித்த சொல் அப்படியே போக: போன் கீபோர்டின் தானியங்கித் திருத்தத்தை நிறுத்தும் வழி

'சுறா' என்பதை ஆங்கில எழுத்துகளில் அடித்து ஸ்பேஸ் தட்டினால், பல போன்களில் அது 'ஷ்யூர்' என்ற ஆங்கிலச் சொல்லாகிவிடுகிறது. 'காலை 4 மணி' என்று எழுதினால் 'மணி' போய் 'மெயின்' வந்து நிற்கிறது. சென்னைக் காசிமேட்டில் விடியற்காலை மீன் ஏலத்துக்குப் போயிருக்கும் அம்மாவுக்கு வீட்டிலிருந்து அனுப்பும் செய்தியானாலும், மணலியில் கண்டெய்னர் யார்டு வாசலில் காத்திருக்கும் லாரி ஓட்டுநருக்கு அலுவலகத்திலிருந்து போகும் செய்தியானாலும், ஒரு சொல் மாறினால் ஒரு வேலையே மாறிப்போகும். புதிதாக ஸ்மார்ட்போன் வாங்கியவர்கள் இதைத் தங்கள் விரலின் தவறு என்று நினைத்துக்கொள்கிறார்கள். போனில் எழுதவே கூச்சப்பட்டு, எழுதுவதையே விட்டுவிட்டவர்களும் எங்கள் தண்டையார்பேட்டைத் தெருக்களில் இருக்கிறார்கள். தவறு அவர்களுடையது அல்ல. கீபோர்டில் ஒரு வசதி முன்கூட்டியே இயக்கப்பட்டு வருகிறது. அதை நிறுத்தச் சில நிமிடங்கள் போதும், காசு எதுவும் ஆகாது, நிறுத்தியதால் போனுக்கு ஒன்றும் ஆகிவிடாது. பிடிக்கவில்லை என்றால் அதே இடத்துக்குப் போய் மறுபடி இயக்கிக்கொள்ளலாம்.

எதை நிறுத்தப்போகிறோம்?

செட்டிங்ஸைத் திறப்பதற்கு முன் இந்த ஒரு வேறுபாட்டைப் புரிந்துகொள்ளுங்கள். கீபோர்டு இரண்டு தனித்தனி வேலைகளைச் செய்கிறது. ஒன்று, மாற்றுவது. நீங்கள் ஒரு சொல்லை முடித்து ஸ்பேஸையோ முற்றுப்புள்ளியையோ தட்டியதும், உங்களைக் கேட்காமல் அந்தச் சொல்லை எடுத்துவிட்டு வேறொன்றை வைக்கிறது. இதுதான் ஆட்டோ கரெக்‌ஷன். இன்னொன்று, காட்டுவது. எழுத்துகளுக்கு மேலே ஒரு பட்டையில் இரண்டு மூன்று சொற்களை வரிசையாக நிறுத்தி, வேண்டுமானால் தொட்டுக்கொள்ளுங்கள் என்று விட்டுவிடுகிறது. இது பிரெடிக்டிவ் டெக்ஸ்ட், அதாவது அடுத்த சொல்லை ஊகித்துத் தருவது. நீங்கள் தொடாதவரை இது எதையும் மாற்றாது.

எனவே தொல்லை தாங்காமல் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் அணைத்துவிட வேண்டாம். முதலில் மாற்றுவதை மட்டும் நிறுத்துங்கள். ஒரு வாரம் அப்படியே எழுதிப் பாருங்கள். அதன் பிறகும் மேலே வரும் சொற்கள் கண்ணை உறுத்தினால் அந்தப் பட்டையையும் நீக்கலாம். பெரும்பாலானவர்களுக்கு முதல் படியே போதுமானதாக இருக்கிறது.

இவை தவிர இன்னும் சில சின்ன வசதிகள் உண்டு. வாக்கியத்தின் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக்குவது, இருமுறை ஸ்பேஸ் தட்டினால் முற்றுப்புள்ளி வைப்பது, சொல்லுக்கு அடியில் சிவப்புக் கோடு போடுவது, விரலை எடுக்காமல் இழுத்துக்கொண்டே போனால் சொல்லை ஊகிப்பது ஆகியவை அவை. ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சுவிட்ச் இருக்கிறது. ஒன்றை அணைத்தால் மற்றது நிற்காது. 'அணைத்தேன், இன்னும் மாறுகிறதே' என்று வருபவர்களில் பலர் வேறொரு சுவிட்சை அணைத்துவிட்டு வந்தவர்களே.

நமக்கு மட்டும் ஏன் இவ்வளவு மாறுகிறது?

ஆட்டோ கரெக்‌ஷனிடம் ஓர் அகராதி இருக்கிறது. நீங்கள் அடித்தது அதில் இல்லை என்றால், அதற்கு நெருக்கமான சொற்களைத் தேடுகிறது. விரல் பட்ட எழுத்துக்குப் பக்கத்து எழுத்து எது, எந்தச் சொல்லை மக்கள் அதிகம் எழுதுகிறார்கள், இதற்கு முந்தைய சொல் என்ன என்பதையெல்லாம் கணக்கிட்டு ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறது. ஆங்கிலத்தில் ஆங்கிலம் எழுதுபவருக்கு இது உதவிதான். ஆனால் நம்மில் பலர் ஆங்கில கீபோர்டை வைத்துக்கொண்டு தமிழை எழுதுகிறோம். அப்போது நாம் எழுதும் ஒவ்வொரு சொல்லும் அதன் கண்ணுக்கு எழுத்துப்பிழை. கொருக்குப்பேட்டையும் எர்ணாவூரும் காலடிப்பேட்டையும் அதன் அகராதியில் இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. வீட்டில் கூப்பிடும் பெயர்கள், மீன் பெயர்கள், பலகாரப் பெயர்கள் எல்லாவற்றுக்கும் இதே கதிதான்.

தமிழ் எழுத்திலேயே அடித்தாலும் சிக்கல் முழுதாகத் தீர்வதில்லை. தமிழில் ஒரு பெயர்ச்சொல்லோடு வேற்றுமை உருபும் இடைச்சொல்லும் ஒட்டிக்கொண்டே போகும். 'காசிமேட்டிலிருந்துதானே' என்பது நமக்கு ஒரே சொல். இப்படி ஒட்டி வரும் வடிவங்கள் அனைத்தையும் ஓர் அகராதியில் அடைக்க இயலாது. போதாததற்கு, வீட்டாருக்கு எழுதும்போது பேச்சு வழக்கில் எழுதுகிறோம். கீபோர்டு கற்றதோ பெரும்பாலும் எழுத்து வழக்கு. ல, ள, ழ மாறிய சொல் ஒன்றை அது உங்கள் கையில் திணிக்கும்போது, பள்ளியில் கற்ற எழுத்தின் மீதே உங்களுக்குச் சந்தேகம் வந்துவிடும். தமிழ் எழுதப் பழகும் பிள்ளைகளின் போனில் இதைக் கட்டாயம் நிறுத்திவைக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

உங்கள் போனில் இருப்பது எந்தக் கீபோர்டு?

போன் எந்த நிறுவனத்தினுடையது என்பதைவிட அதில் எந்தக் கீபோர்டு செயலி ஓடுகிறது என்பதுதான் முக்கியம். இங்கே விற்கும் ரெட்மி, விவோ, ஓப்போ, ரியல்மி போன்ற ஆண்ட்ராய்டு போன்களில் பெரும்பாலும் கூகுளின் ஜிபோர்டு இருக்கும். சாம்சங் போன்களில் அந்நிறுவனத்தின் சொந்தக் கீபோர்டு. ஐபோனில் ஆப்பிளுடையது. சிலவற்றில் மைக்ரோசாஃப்ட்டின் ஸ்விஃப்ட்கீ இருக்கலாம்.

சந்தேகமாக இருந்தால் போனின் செட்டிங்ஸைத் திறந்து, மேலே பூதக்கண்ணாடிப் படம் உள்ள தேடல் கட்டத்தில் ஆங்கிலத்தில் கீபோர்டு என்று அடியுங்கள். வரும் பட்டியலில் 'ஆன் ஸ்கிரீன் கீபோர்டு' அல்லது 'மேனேஜ் கீபோர்ட்ஸ்' என்பதைத் தொட்டால் போனில் உள்ள கீபோர்டுகளின் பெயர்கள் தெரியும். ஒவ்வொரு நிறுவனமும் இந்தப் பகுதியை வேறு வேறு இடத்தில் ஒளித்து வைத்திருப்பதால் தேடல் கட்டமே நேர்வழி. போனைத் தமிழில் வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பெயர்களெல்லாம் தமிழில் இருக்கும். நான் கீழே ஆங்கிலப் பெயர்களைச் சொல்கிறேன். இடமும் வரிசையும் இரண்டிலும் ஒன்றே.

ஜிபோர்டில் நிறுத்துவது

வாட்ஸ்அப்பிலோ வேறெங்கோ எழுதும் கட்டத்தைத் தொட்டுக் கீபோர்டை வரவழையுங்கள். பிறகு:

1. கமா எழுத்தை விரல் எடுக்காமல் அழுத்திப் பிடியுங்கள். மேலே எழும் படங்களில் பற்சக்கரப் படத்தின் மீது விரலை நகர்த்தி விடுங்கள். கீபோர்டின் மேல்பட்டையிலேயே பற்சக்கரம் தெரிந்தால் அதைத் தொட்டாலும் போதும்.

2. திறக்கும் பட்டியலில் 'டெக்ஸ்ட் கரெக்‌ஷன்' என்பதைத் தொடுங்கள். புதிய பதிப்புகளில் அதன் பெயர் 'கரெக்‌ஷன்ஸ் அண்ட் சஜஷன்ஸ்'.

3. சற்றுக் கீழே இறங்கினால் 'ஆட்டோ கரெக்‌ஷன்' என்று ஒரு வரி இருக்கும். அதற்கு நேரே உள்ள சுவிட்சை அணையுங்கள்.

இவ்வளவுதான். வெளியே வந்து, முன்பு மாறிய அதே சொல்லை மறுபடி அடித்து ஸ்பேஸ் தட்டிச் சரிபாருங்கள். சரிபார்க்காமல் போனைப் பையில் போடாதீர்கள்.

அதே பக்கத்தில் இன்னும் சில வரிகளைப் பார்ப்பீர்கள். 'ஷோ சஜஷன் ஸ்டிரிப்' என்பது மேலே வரும் சொற்பட்டை. அதை அணைத்தால் பட்டையே வராது. 'நெக்ஸ்ட் வேர்டு' என்று தொடங்கும் வரி இருந்தால் அது நீங்கள் எதுவும் அடிக்காமலே அடுத்த சொல்லைக் காட்டுவது. 'ஆட்டோ கேபிடலைசேஷன்' முதல் எழுத்தைப் பெரிதாக்குவது. ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதுபவர்களுக்கு இது பெரிய தொல்லை இல்லை. ஆனால் மின்னஞ்சல் முகவரியையோ யுபிஐ முகவரியையோ ஒருவருக்கு எழுதி அனுப்பும்போது முதல் எழுத்து பெரிதாகி, வாங்குபவர் குழம்புவதைப் பார்த்திருக்கிறேன்.

ஆட்டோ கரெக்‌ஷனை முழுதாக அணைக்க மனமில்லாதவர்களுக்கு ஒரு நடுவழி உண்டு. அதே பக்கத்தில் பேக்ஸ்பேஸ் தட்டினால் திருத்தத்தை நீக்கும் வசதி இருக்கிறது. அதை இயக்கி வைத்தால், சொல் மாறியதைக் கண்டவுடன் அழிக்கும் விசையை ஒருமுறை தட்டினால் நீங்கள் முதலில் அடித்தது திரும்பி வரும். ஆங்கிலக் கடிதங்கள் அதிகம் எழுதும் அலுவலக வேலைக்காரர்களுக்கு இது பொருந்தும். மற்றவர்கள் மாறியதையே கவனிப்பதில்லை என்பதால் அவர்களுக்கு நான் இதைச் சொல்வதில்லை.

சிவப்புக் கோடு இன்னும் வருகிறதா? அது வேறு கணக்கு. போனின் செட்டிங்ஸில் 'ஸ்பெல் செக்கர்' என்று தேடி, அங்கே அணைக்க வேண்டும். கோடு எதையும் மாற்றாது, கண்ணை மட்டும் உறுத்தும்.

மீன் வெட்டும் கை, மாவு பிசையும் கை, கிரீஸ் படிந்த கை ஆகியவற்றோடு போனைத் தொடுபவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். ஈரவிரல் கண்ணாடியில் வழுக்கும்போது கீபோர்டு அதை விரலிழுப்பு எழுத்து என்று எடுத்துக்கொண்டு, நீங்கள் நினைக்கவே இல்லாத ஒரு முழுச் சொல்லை எழுதிவிடும். ஆட்டோ கரெக்‌ஷனை அணைத்தாலும் இது நிற்காது. ஜிபோர்டு செட்டிங்ஸின் முதல் பக்கத்துக்குத் திரும்பி, 'கிளைட் டைப்பிங்' என்பதற்குள் போய் அதை அணையுங்கள். சாம்சங்கில் இது 'ஸ்வைப்' என்று தொடங்கும் பகுதியில் இருக்கிறது. ஐபோனில் 'ஸ்லைட் டு டைப்'.

சாம்சங், ஸ்விஃப்ட்கீ

சாம்சங்கில் செட்டிங்ஸ், 'ஜெனரல் மேனேஜ்மென்ட்', 'சாம்சங் கீபோர்டு செட்டிங்ஸ்' என்ற வரிசையில் போங்கள். அங்கே 'ஆட்டோ ரீப்ளேஸ்' என்பதுதான் சொல்லை மாற்றுவது. 'பிரெடிக்டிவ் டெக்ஸ்ட்' என்பது சொற்பட்டை. ஆட்டோ ரீப்ளேஸைத் திறந்தால் மொழிவாரியாகச் சுவிட்சுகள் இருப்பதைக் கவனியுங்கள். ஆங்கிலத்துக்கு அணைத்துவிட்டுத் தமிழை மறந்துவிடுவது அடிக்கடி நடக்கிறது. ஸ்விஃப்ட்கீயில் அதன் செட்டிங்ஸுக்குள் 'டைப்பிங்' பகுதியில் 'ஆட்டோ கரெக்ட்' இருக்கிறது. அருகிலேயே 'குயிக் பிரெடிக்‌ஷன் இன்சர்ட்' என்றும் ஒன்று உண்டு. ஸ்பேஸ் தட்டினால் நடுவில் உள்ள ஊகச் சொல்லைச் செருகிவிடுவது அதுதான். இரண்டையும் அணையுங்கள்.

ஐபோன்

செட்டிங்ஸ், 'ஜெனரல்', 'கீபோர்டு'. அல்லது கீபோர்டில் உள்ள உலகப்படத்தை அழுத்திப் பிடித்து 'கீபோர்டு செட்டிங்ஸ்' என்பதைத் தொட்டால் அதே இடத்துக்குப் போகலாம். 'ஆட்டோ கரெக்‌ஷன்' சுவிட்சை அணையுங்கள். 2023-இல் வந்த ஐஓஎஸ் 17 முதல் இன்னொன்றையும் பார்க்க வேண்டியிருக்கிறது. நீங்கள் எழுதிக்கொண்டிருக்கும் வரியிலேயே மீதிச் சொல் சாம்பல் நிறத்தில் தெரியும். ஸ்பேஸ் தட்டினால் அது உங்கள் எழுத்தோடு சேர்ந்துவிடும். வேகமாகத் தட்டுபவர்கள் இதில் எளிதாக ஏமாந்துவிடுவார்கள். அதே பக்கத்தில் 'ஷோ பிரெடிக்‌ஷன்ஸ் இன்லைன்' என்பதை அணைத்தால் அது நிற்கும். மேலே வரும் சொற்பட்டைக்கு 'பிரெடிக்டிவ் டெக்ஸ்ட்', சிவப்புக் கோட்டுக்கு 'செக் ஸ்பெல்லிங்'.

தமிழிலேயே எழுத வேண்டும் என்பவர்களுக்கு

இதுவரை சொன்னது தொல்லையை நிறுத்தும் வழி. என்னைக் கேட்டால், தமிழைத் தமிழ் எழுத்திலேயே எழுதத் தொடங்குவதுதான் இந்தச் சிக்கலின் வேரைத் தொடும். அதற்கும் கீபோர்டைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் வேண்டும்.

ஜிபோர்டு செட்டிங்ஸில் 'லாங்குவேஜஸ்' பகுதிக்குப் போய் 'ஆட் கீபோர்டு' கொடுத்துத் தமிழைத் தேர்ந்தெடுத்தால், மேலே சில வகைகள் வரிசையாகத் தெரியும். ஒன்று, தமிழ் எழுத்துகளே விசைகளில் இருப்பது. இன்னொன்று, ஆங்கில எழுத்தில் அடித்தால் தமிழாக மாற்றித் தருவது. விரலால் எழுதுவதும் உண்டு. இரண்டாவது வகை எளிதாகத் தெரியும். ஆனால் அது முழுக்க ஊகத்தின் மேல் நிற்கிறது. நீங்கள் அடித்த ஆங்கில எழுத்துக்கு எந்தத் தமிழ்ச் சொல் பொருந்தும் என்று அது கணித்து, பட்டையில் வரிசையாகத் தருகிறது. ஒரே ஆங்கில எழுத்து மூன்று நகரத்துக்கும் மூன்று லகரத்துக்கும் நிற்கும்போது தவறு நேராமல் இருக்காது. இந்த வகையைப் பயன்படுத்துபவர்கள் சொற்பட்டையை அணைக்கவே கூடாது. சரியான சொல்லைப் பொறுக்கி எடுக்க வேண்டிய இடமே அதுதான்.

ஊகமே வேண்டாம் என்றால் தமிழ் எழுத்துகள் நேராக உள்ள வகைக்குப் போங்கள். தட்டிய எழுத்துதான் வரும். முதல் சில நாள்கள் எழுத்தைத் தேடுவதிலேயே நேரம் போகும். அதைப் பொறுத்துக்கொண்டால் பிறகு விரலே இடத்தைக் கண்டுகொள்ளும். தமிழ்ப் பள்ளியில் படித்துவிட்டு, ஆங்கில எழுத்துகளைக் கண்டு தயங்கும் பெரியவர்களுக்கு இந்த வகையே ஏற்றது. அவர்களிடம் ஆங்கில எழுத்தில் தமிழ் அடிக்கச் சொல்வது அநியாயம்.

தமிழ் 99 என்றொரு முறை உண்டு. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டையொட்டித் தமிழக அரசு தரப்படுத்தியது. உயிரெழுத்துகள் இடப்பக்கம், மெய்கள் வலப்பக்கம் என்று ஒழுங்காக இருக்கும். ஐபோனில் 2013-இல் வந்த ஐஓஎஸ் 7 முதலே தமிழ் 99, அஞ்சல் என்ற இன்னொரு முறை இரண்டும் உள்ளேயே இருக்கின்றன. கீபோர்டு பகுதியில் 'ஆட் நியூ கீபோர்டு' கொடுத்துச் சேர்த்துக்கொள்ள வேண்டியதுதான். ஆண்ட்ராய்டில் முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினம் செயலியில் இவை கிடைக்கின்றன. அஞ்சலும் ஆங்கில எழுத்தில் அடிப்பதே. ஆனால் அது ஊகிப்பதில்லை. எந்த எழுத்துக்கு எந்தத் தமிழ் எழுத்து என்பது விதியாக நிலைத்திருக்கிறது.

தமிழ் 99-க்கு வருபவர்கள் ஒன்றைப் பார்த்துத் திகைப்பார்கள். ககரத்தை இருமுறை தட்டினால் முதல் எழுத்து தானாகப் புள்ளி பெற்று 'க்க' என்று ஆகும். ங, க தட்டினால் 'ங்க' வரும். ந, த தட்டினால் 'ந்த'. இதைப் பார்த்துவிட்டு ஆட்டோ கரெக்‌ஷன் இன்னும் ஓடுகிறது என்று செட்டிங்ஸில் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். அந்த முறையின் இயல்பே அது. தமிழில் மெய்கள் சேர்ந்து வரும் இயல்பைக் கவனித்து வகுத்த விதி. புள்ளி வேண்டாத இடத்தில் நடுவே அகர விசையைத் தட்டினால் வராது. பழகியபின் எத்தனை தட்டுகள் மிச்சமாகின்றன என்பதை உங்கள் கட்டைவிரலே சொல்லும்.

வீட்டில் ஒரே போன் என்றால்

சின்ன வீடுகளில் ஒரு போனை நாலு பேர் எடுத்துப் பயன்படுத்துவது சாதாரணம். காலையில் அம்மா, மாலையில் பாடம் படிக்கும் பிள்ளை, இரவில் அப்பா. கீபோர்டு எல்லோர் எழுத்தையும் ஒன்றாகக் கற்றுக்கொள்கிறது. அம்மா தன் அக்காவுக்கு மனம்விட்டு எழுதிய சொல்லோ, ஒரு நோயின் பெயரோ, கடன் கொடுத்தவர் பெயரோ, பிள்ளை எழுதும்போது பட்டையில் வந்து நிற்கலாம். யாரும் யாருடைய செய்தியையும் திறந்து படிக்கவில்லை. இருந்தும் அந்தரங்கம் வெளியே வந்துவிடுகிறது. பொதுப் போனில் சொற்பட்டையையும் அணைத்துவிடுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான். அடிக்கும் வேகம் சற்றுக் குறையும். குறையட்டும்.

ஏற்கெனவே கற்றதை அழிக்கவும் வழி இருக்கிறது. ஒரே ஒரு சொல் என்றால், ஜிபோர்டில் அது பட்டையில் தெரியும்போது அழுத்திப் பிடித்து, திரையில் தோன்றும் குப்பைத்தொட்டிப் படத்துக்கு இழுத்துவிடுங்கள். மொத்தமாக அழிக்க ஜிபோர்டு செட்டிங்ஸில் 'பிரைவசி' பகுதிக்குள் 'டிலீட் லேர்ன்ட் வேர்ட்ஸ் அண்ட் டேட்டா' என்பதைத் தொடுங்கள். திரையில் காட்டும் எண்ணை அடித்து உறுதிசெய்யச் சொல்லும். சாம்சங்கில் கீபோர்டு செட்டிங்ஸின் அடியில் 'ரீசெட் டு டிஃபால்ட்' பகுதிக்குள் தனிப்பட்ட ஊகங்களை அழிக்கும் வரி இருக்கிறது. ஐபோனில் 'ஜெனரல்' பகுதியின் கடைசியில் 'டிரான்ஸ்ஃபர் ஆர் ரீசெட் ஐபோன்', பிறகு 'ரீசெட்', பிறகு 'ரீசெட் கீபோர்டு டிக்‌ஷனரி'. இந்த இடத்தில் நிதானம் தேவை. அதே பட்டியலுக்குப் பக்கத்திலேயே போனில் உள்ள எல்லாவற்றையும் அழிக்கும் வரியும் இருக்கிறது. கீபோர்டு டிக்‌ஷனரி என்ற பெயரைப் படித்து உறுதிசெய்த பிறகே தொடுங்கள். போனை விற்கும்போதோ பழுது பார்க்கக் கடையில் கொடுக்கும்போதோ கற்ற சொற்களை அழித்துவிட்டுக் கொடுப்பது நல்லது.

பெரியவர்களுக்குச் செய்து கொடுக்கும்போது

போனை வாங்கி, நாமே கடகடவென்று தட்டி, 'ஆயிற்று பாட்டி' என்று திருப்பிக் கொடுத்துவிடுகிறோம். அடுத்த முறை போன் மாறினால் அவர் மறுபடி நம்மைத்தான் தேட வேண்டியிருக்கும். போன் அவர் கையிலேயே இருக்கட்டும். நாம் வாயால் சொல்வோம், அவர் தொடட்டும். கமாவை அழுத்திப் பிடிப்பது வயதானவர்களுக்கு உண்மையிலேயே கடினம். விரல் நடுங்கும், பிடி நழுவும். அவர்களுக்குப் போன் செட்டிங்ஸின் தேடல் வழியே எளிது. எழுத்துகள் சிறியதாக இருப்பதால்தான் தவறு வருகிறது என்றால் கீபோர்டின் உயரத்தைக் கூட்டுங்கள். ஜிபோர்டில் 'பிரெஃபரன்சஸ்' பகுதியில் அதற்கு ஒரு வரி இருக்கிறது. ஆட்டோ கரெக்‌ஷன் தேவைப்படுவதே விரல் தவறுவதால்தான். எழுத்து பெரிதானால் பாதித் தேவை போய்விடுகிறது. எழுதவே முடியாதவர்களுக்கு மைக் படத்தைத் தொட்டுத் தமிழில் பேசினால் எழுத்தாக வரும் என்பதையும் காட்டுங்கள். பேசி முடித்ததும் ஒருமுறை படித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

அணைத்த பிறகும் கவனிக்க வேண்டிய இடங்கள்

ஆட்டோ கரெக்‌ஷன் போய்விட்டால் உங்கள் விரல் தவறுகள் அப்படியே போகும். வீட்டாருக்கு எழுதும்போது அது பெரிய விஷயமில்லை. சில இடங்களில் பெரிய விஷயம்.

கண்டெய்னர் எண்ணில் முதலில் 4 ஆங்கில எழுத்துகள், அடுத்து 7 இலக்கங்கள். கடைசி இலக்கம், மற்றவை சரியா என்று கணக்கிட்டுப் பார்ப்பதற்கான சரிபார்ப்பு இலக்கம். எழுத்துகளுக்கும் இலக்கங்களுக்கும் நடுவே இடைவெளி விட்டு எழுதுவது பலருடைய வழக்கம். ஆட்டோ கரெக்‌ஷன் இயங்கும் போனில் அந்த இடைவெளியே போதும், நாலெழுத்தை ஆங்கிலச் சொல் என்று எண்ணி மாற்றிவிட. யார்டு, துறைமுகம், கிளியரிங் அலுவலகம் என்று வேலை செய்யும் எவரும் வேலைக்கான போனில் இதை முதல் நாளே அணைக்க வேண்டும். எண்ணை ஒட்டி எழுதுங்கள், அனுப்பும் முன் பெட்டியின் படத்தோடு ஒப்பிடுங்கள்.

மருந்துப் பெயரை எழுதி அனுப்பவே வேண்டாம். ஸ்டான்லி மருத்துவமனையில் கொடுத்த சீட்டாக இருந்தாலும் தெருமுனை மருத்துவர் எழுதியதாக இருந்தாலும் படம் எடுத்து அனுப்புங்கள். ஓர் எழுத்து வேறுபாட்டில் வேறு மருந்தாகிவிடும் பெயர்கள் நிறைய இருக்கின்றன. அதைக் கீபோர்டின் கையிலும் விட முடியாது, நம் விரலின் கையிலும் விட முடியாது.

யுபிஐ முகவரியை அடிக்கும்போது பட்டையில் உள்ள சொல்லைத் தொடாதீர்கள். தொட்டால் சொல்லுக்குப் பின் ஓர் இடைவெளியும் சேர்ந்து வரும். அந்த இடைவெளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் முகவரி தவறு என்று செயலி சொல்லிவிடலாம்.

அடிக்கடி எழுதும் முகவரியை ஒவ்வொரு முறையும் அடிக்க வேண்டியதில்லை. ஜிபோர்டில் 'டிக்‌ஷனரி' பகுதிக்குள் 'பெர்சனல் டிக்‌ஷனரி' திறந்து, மொழியைத் தேர்ந்தெடுத்து, கூட்டல் குறியைத் தொடுங்கள். மேல் கட்டத்தில் பழைய எண், புதிய எண், தெரு, தண்டையார்பேட்டை, சென்னை 600081 என்று முழு முகவரி. கீழ்க் கட்டத்தில் இரண்டு மூன்று எழுத்துச் சுருக்கம். சுருக்கத்தை அடித்தால் முழு முகவரியும் பட்டையில் வந்து நிற்கும், தொட்டால் விழும். இதற்குச் சொற்பட்டை இயங்கிக்கொண்டிருக்க வேண்டும். ஐபோனில் இதே வேலையைக் கீபோர்டு பக்கத்தில் உள்ள 'டெக்ஸ்ட் ரீப்ளேஸ்மென்ட்' செய்கிறது. கீபோர்டு உங்களுக்காகச் சொல்லை மாற்ற வேண்டுமென்றால், எதை எதுவாக மாற்ற வேண்டும் என்பதை நீங்கள் சொல்லிக் கொடுத்ததாக இருக்கட்டும்.

தவறான செய்தி போய்விட்டால் பதற வேண்டாம். வாட்ஸ்அப்பில் அனுப்பி 15 நிமிடங்களுக்குள் அந்தச் செய்தியை அழுத்திப் பிடித்து 'எடிட்' கொடுத்துத் திருத்தலாம். திருத்தப்பட்டது என்ற குறிப்பு எதிரில் இருப்பவருக்குத் தெரியும். அந்த நேரம் கடந்துவிட்டால் 'டிலீட் ஃபார் எவ்ரிஒன்' கொடுத்து நீக்கிவிட்டுப் புதிதாக எழுதலாம். அதற்கு இரண்டு நாளுக்கு மேல் அவகாசம் இருக்கிறது.

புதுப் போன் வாங்கினாலோ, போனை முழுதாக அழித்துப் புதிதாக அமைத்தாலோ, வேறு கீபோர்டு செயலி இறக்கினாலோ ஆட்டோ கரெக்‌ஷன் மறுபடி இயங்கும் நிலையில் வரக்கூடும். அன்றே 'சுறா' என்று ஒருமுறை அடித்துப் பாருங்கள். மாறினால் கமாவை அழுத்திப் பிடித்து முதல் படியிலிருந்து தொடங்கலாம்.